கை காட்டாத பைலட்

கில்பட் கை காட்டாததில்தான் எல்லாம் தொடங்கியது.

அவன் விமானப்படையில் ஹெலிகொப்டர் ஓட்டுகிறவன். யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் நின்ற நேரம், அவனுடைய ஹெலிகொப்டர் எங்கள் கரைக்கு மேலால் தாழப் பறந்தது. தான்தான் ஓட்டி வருவேன் என்று முதல் நாளே மெரினாவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தான். மெரினா ஊருக்கே சொல்லிவிட்டாள். ஆகவே நடக்க ஏலாதவர்கள்கூட வெளியே வந்து அண்ணாந்து கை காட்டினார்கள். மெரினாவின் தாய் அல்பொன்சா தலையில் போட்டிருந்த வெள்ளை முக்காட்டையே கழற்றி வீசிக் காட்டினாள். ஹெலிகொப்டர் தன் பாட்டில் போய்விட்டது. உள்ளே ஒரு விரல்கூட அசையவில்லை.

"பெருமை," என்றாள் அல்பொன்சா. "என்ட பிள்ளையைக் கேட்டு வாற பொடியன், எனக்கே கை காட்ட மாட்டானாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கில்பட்டுக்குப் பெயர் கிடையாது. 'அந்தப் பைலட்' என்பதோடு சரி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோயிலுக்கு நேரெதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அஸாம் நான்தான். பிறந்தது மன்னாரில், வளர்ந்தது புத்தளத்துக் கரைத்தீவு அகதி முகாமில், கல்யாணம் செய்து வந்து சேர்ந்தது இந்தக் கரையில். கில்பட்டும் நானும் புத்தளத்தில் ஒரே டியூஷன் வகுப்பில் கணக்குப் படித்தோம். அவனுக்குக் கணக்கு ஏறியது, வானத்துக்குப் போனான். எனக்கு ஏறவில்லை, அடுப்புக்கு வந்தேன். இரண்டு பேரில் யார் நிம்மதியாக இருக்கிறோம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

அடுத்த லீவில் வந்தபோது கில்பட் அல்பொன்சா வீட்டுக் கதிரையில் இருந்து விளக்கம் கொடுத்தான். துணைக்கு நானும் போயிருந்தேன். ஒரு கரண்டியை முழங்கால்களுக்கு நடுவே நட்டு வலக்கையால் பிடித்தான். இடக்கையைக் கதிரைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு இல்லாத ஒரு தடியைப் பிடித்தான். இரண்டு பாதங்களையும் முன்னே நீட்டி மாறிமாறி மிதித்தான்.

"பாருங்க மாமி, ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையில. ஒண்டை எடுத்தாலும் எல்லாரும் கீழதான்."

அல்பொன்சா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கற்பிட்டி பஸ் டிரைவர் ஒரு கையால வெத்திலை மடிக்கிறான். மத்தக் கையால எனக்கு டாட்டா காட்டுறான். இன்னும் பஸ் விழல்லையே தம்பி?"

பெரிய பெரிய பரீட்சைகள் பாஸ் பண்ணியவன் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

விமானி என்றால் நாள் முழுக்கப் பறப்பவன் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. யுத்தம் முடிந்ததும் பறப்பது குறைந்துவிட்டது. பறக்காத அதிகாரி ஒருவன் சும்மா இருந்தால் மேலே உள்ளவர்களுக்கு நித்திரை வராது. அதனால் விமானப்படை முகாமின் தென்னந்தோட்டத்துக்குக் கில்பட் பொறுப்பானான். தென்னையில் வண்டு விழுந்தால் அவன் பதில் சொல்ல வேண்டும். பிறகு அதிகாரிகளின் சாப்பாட்டு அறையையும் தலையில் கட்டினார்கள். நடு வானத்தில் இயந்திரம் நின்றால் என்ன செய்வது என்று தெரிந்தவனுக்கு, பருப்பில் உப்புக் கூடினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. மதிய நேரம், நான் வியர்த்து வடிந்து சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும்.

"மச்சான், உப்புக் கூடிட்டுது. விங் கமாண்டர் வாற நேரம்."

"உருளைக்கிழங்கு வெட்டிப் போடுடா!" என்று கத்திவிட்டு வைப்பேன்.

முகாமில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்த அதிகாரியும் அவன் ஒருவன்தான். ஒருமுறை பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, ஹெலிகொப்டர் சத்தத்தில் தன் கோழிகள் முட்டை போடுவதை விட்டுவிட்டன என்று முறைப்பாடு சொல்ல வந்தாள். மொழிபெயர்க்கக் கில்பட்டைக் கூப்பிட்டார்கள். அந்தக் கூரைக்கு மேலால் தாழப் பறந்தது அவனேதான். "அந்தப் பைலட்டுக்கு அறிவில்லையா, கண் தெரியாதா" என்று அவள் கேட்டதை ஒரு சொல் விடாமல் விங் கமாண்டருக்குச் சிங்களத்தில் சொன்னான். பிறகு அந்தப் பைலட்டைக் கண்டிப்பதாக விங் கமாண்டர் சொன்னதை அவளுக்குத் தமிழில் சொன்னான். அவள் சந்தோஷமாகப் போனாள்.

எல்லாவற்றையும்விட அவனை வாட்டியது பெரிய மனிதர்களை ஏற்றி இறக்கும் வேலை. இந்தப் பக்கம் வருகிற பெரிய மனிதர் எவரும் கருவாடு வாங்காமல் திரும்புவதில்லை. பெட்டி பெட்டியாக ஹெலிகொப்டரில் ஏறும். கில்பட்டின் தகப்பன் கடலுக்குப் போனவர். மகனின் உடம்பில் மீன் மணக்கக்கூடாது என்றே அவனைப் படிப்பித்தார். இப்போது அவன் லீவில் வந்தால் சட்டை, தொப்பி, பை எல்லாமே சீலாக் கருவாடு மணக்கும். அந்த மனிதர் இதைப் பார்க்காமல் கண்ணை மூடியது ஒரு வகையில் நல்லது.

மெரினா முந்தலில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அமைதியான பிள்ளைபோல இருப்பாள்; ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். கில்பட்டைத்தான் கட்டுவேன் என்று அவள் நின்ற நிலையில் அல்பொன்சா ஒருவாறு தலையாட்டினாள். கல்யாணத் திகதி வைத்தார்கள்.

கத்தோலிக்கரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னர் தொடர்ந்து மூன்று ஞாயிறு கோயிலில் அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாரின் மகன் இன்னார் இன்னாரின் மகளைக் கட்டப்போகிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்பார்கள். கோயில் ஒலிபெருக்கி என் கடையைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. கூப்பிடாமலே எனக்கும் எல்லாம் கேட்கும்.

முதல் தடவை மூன்று ஞாயிறும் வாசித்தார்கள். நான் விருந்துக்கு இரண்டு கிடாய் வாங்கிக் கட்டினேன். கல்யாண வாரத்தில் மலைநாட்டில் மண் சரிந்தது. உலர் உணவு கொண்டுபோக எல்லா விமானிகளுக்கும் லீவு ரத்து. இதை ஒருவரும் குறை சொல்லவில்லை. அல்பொன்சாவே செபமாலை சொன்னாள்.

இரண்டாம் தடவை திகதி வைத்தபோது ஆறு மாதம் தாண்டிவிட்டதால் மறுபடியும் மூன்று ஞாயிறு வாசித்தார்கள். வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வருகிறாராம். அவர் ஒருவேளை ஹெலிகொப்டரில் ஏற விரும்பினால் என்ன செய்வது என்று எல்லோரையும் முகாமிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர் ஏறவில்லை. கார் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

கிடாய்கள் என் வீட்டு முற்றத்தில் தின்று தின்று வளர்ந்தன. என் மனைவி றிஸானா அவற்றில் ஒன்றுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்த பிறகு அறுக்க முடியுமா? "அதுல கைவெச்சா நான் உம்மா வீட்ட போயிருவன்" என்றாள்.

மூன்றாம் தடவை சுதந்திர தினம் முடிந்து வரும் சனிக்கிழமைக்கு வைத்தார்கள். அந்தச் சனியை விட்டால் விபூதிப் புதன் வந்துவிடும். பிறகு தவக்காலம் முழுக்கக் கல்யாணம் இல்லை. மறுபடி ஃபாதர் அறிவித்தல் வாசிக்கத் தொடங்கினார். பெயர்களைச் சனமே அவருக்கு முன்னால் முணுமுணுத்தது. "தடை ஏதும் தெரிந்தவர்கள்..." என்று அவர் நிறுத்தினார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"விமானப்படைதான் தடை, ஃபாதர்!"

கோயில் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. என் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது. யார் சொன்னதென்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. மெரினாவின் தகப்பன் இன்னாசிப்பிள்ளை என்றுதான் நான் சொல்வேன். வீட்டில் வாய் திறக்க இடமில்லாத மனிதர், வேறு எங்கேதான் பேசுவார்?

அல்பொன்சா மட்டும் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் டிலக்‌ஷன் இத்தாலியிலிருந்து வந்திருந்தான். மிலானோவில் ஒரு வயோதிபரைப் பராமரிக்கிற வேலை. நல்ல பொடியன், கழுத்தில் கனமான சங்கிலி. அவனுடைய தாய் அல்பொன்சாவின் கூட்டாளி. அன்று கடைக்குத் தேத்தண்ணி வாங்க வந்த அல்பொன்சா என்னிடம் நேராகவே சொன்னாள்.

"இத்தாலி எவ்வளவு தூரம் தம்பி? ஆனா அவன் வந்தா ஒரு மாசம் நிக்கிறான். அந்தப் பைலட்ட முகாம் இந்தா கிட்டக் கிடக்கு. அவன் வந்தா ஒரு தேத்தண்ணி ஆறும் வரைக்கும் நிக்கிறானா?"

அவள் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

வியாழக்கிழமை கில்பட்டின் போன் வந்தது. குரலிலேயே விளங்கிவிட்டது.

"லீவு போச்சு மச்சான். சனிக்கிழமை ஓட்ட இருந்தவருக்கு டெங்கு. வேற ஆள் இல்ல. பெரிய ஆள் ஒருத்தர் குடும்பத்தோட கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்க வாறாராம்."

"டொல்பினா? உன்ட கல்யாணத்த விட டொல்பினா பெரிசு?"

"எனக்கிட்ட ஏன்டா கத்துற?"

நான் கத்தியது அவனிடம் இல்லை. ஆனால் அந்தப் பெரிய ஆளின் நம்பர் என்னிடம் இல்லை.

அன்று பின்னேரமே அல்பொன்சா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அந்தப் பைலட் கோயிலில் நிற்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை டிலக்‌ஷன் வீட்டார் பேச வருவார்கள். மெரினா அழவில்லை. "அவர் வந்தாலும் வராட்டியும் நான் சனிக்கிழமை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கோயில்ல நிப்பன். பந்தலை ஒருத்தரும் கழட்டக்கூடாது" என்றாள். நான் அடுப்புப் பக்கம் போய்ப் புகையைச் சாட்டாக வைத்துக் கண்ணைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் போன்.

"மச்சான், நாளைக்கு எங்க இறங்குறது எண்டு விங் கமாண்டர்ட்ட கேட்டன். மனுசன் தேத்தண்ணிக் கோப்பையில இருந்து தலையைத் தூக்கல்ல. காத்தைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, இடத்தை முடிவு செய்யிறது ஓட்டுறவர்ட பொறுப்பு எண்டார். ஹெலிகொப்டரைத் தனிய விடப்படாது, ஒருத்தர் கட்டாயம் பக்கத்தில நிக்கணும் எண்டார்."

"அதுக்கு?"

"ஒருத்தர் எண்டுதான் சொன்னார். நாங்க ரெண்டு பேர் வாறம்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. எங்கள் கோயிலுக்கும் கடற்கரைக்கும் நடுவே பள்ளிக்கூட விளையாட்டு மைதானம் இருக்கிறது.

"மெரினாவுக்கும் ஃபாதருக்கும் மட்டும் சொல்லு. மாமிக்குச் சொல்லாத. கடைசி நிமிசத்தில எங்கயாவது வேற பக்கம் திருப்பினாங்க எண்டா அந்த மனுசி தாங்க மாட்டா. இன்னுமொண்டு. மைதானத்துக்குப் பக்கத்தில கருவாடு காயப் போட வேணாம் எண்டு சொல்லு. மறந்திடாத."

நான் மறக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். நெத்தலியும் சாளையும் பாய் பாயாகக் காய்ந்துகொண்டிருந்தன. பாதிக்கு மேல் அல்பொன்சாவின் பாய்கள்.

"இதெல்லாத்தையும் அள்ளுங்க," என்றேன்.

"ஏன் தம்பி?"

காரணம் சொல்ல முடியாதே. "காத்து வரும்," என்றேன்.

அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள், கடைசியில் என்னைப் பார்த்தார்கள். ஒரு இலை ஆடவில்லை. இன்னாசிப்பிள்ளைகூட வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். தலைமுறை தலைமுறையாகக் கடலில் கிடக்கிற சனத்துக்கு, சோறாக்குகிற ஒருவன் காற்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறான்! மெரினாவின் ஒன்றுவிட்ட சகோதரி மக்தலேனா, "காத்து எந்தப் பக்கத்தால வருமாம் நானா?" என்று கேட்டாள். "மேலால," என்றேன். அதற்கு இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எப்படியும் போங்கள் என்று திரும்பி வந்து கோழிப் புரியாணிக்கு அரிசி கழுவினேன்.

பூசை நேரத்துக்குக் கோயில் நிரம்பியது. மாப்பிள்ளை வரமாட்டான் என்று தெரிந்தும் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை; அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். மெரினா வெள்ளை உடுப்பில் வாசலில் நின்றாள். அல்பொன்சா பட்டுச் சேலை உடுத்தி, மாப்பிள்ளைக்கு வாங்கிய மாலையைத் தட்டில் வைத்துக்கொண்டு, சாவீட்டுக்கு வந்தவள்போல நின்றாள். பாண்ட் வாத்தியக்காரர்கள் வாசிப்பதா விடுவதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

அப்போது களப்புப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

காற்று மேலால் வந்தது. பந்தலின் கடதாசிப் பூவெல்லாம் முதலில் பறந்தது, அதற்குப் பின்னால் நெத்தலி பறந்தது. கோயில் கூரை, பாண்ட்காரரின் பெரிய குழல், கல்யாணக் கேக், ஃபாதரின் தலை என்று நெத்தலி விழாத இடமில்லை. மெரினாவின் முக்காட்டில் மூன்று நான்கு ஒட்டிக்கொண்டு ஆடின. புழுதி அடங்கியபோது கடற்கரைப் பெண்கள் எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒரு மரியாதையை எனக்கு ஒருவரும் அதற்கு முன்னரும் தரவில்லை, பின்னரும் தரவில்லை.

பெரிய ஆள் குடும்பத்தோடு இறங்கினார். பந்தலைக் கண்டார், சனத்தைக் கண்டார், பாண்டைக் கண்டார். முகம் மலர்ந்துவிட்டது. எல்லாம் தனக்குத்தான் என்று நினைத்து நேரே அல்பொன்சாவிடம் வந்து தலையைக் குனிந்தார். அந்த மனுசிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டிலிருந்த மாலையை எடுத்துப் போட்டுவிட்டாள். பாண்ட்காரர்களும் ஒருவாறு வாசித்தார்கள். அவர் எங்கள் அன்பை மறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் மாலையோடு, அவரை ஏற்ற வந்து நின்ற வாகனத்தில் ஏறி டொல்பின் பார்க்கப் போனார்.

வாகனம் வளைவில் மறைந்ததும் கில்பட் மைதானத்துக்குக் குறுக்கே ஓடி வந்தான். பறக்கும்போது போடுகிற பச்சை முழு உடுப்பு, எண்ணெய் மணம், தலைக்கவசத்தில் அமுங்கிய தலைமயிர். துணை விமானி கையுறைகூடக் கழற்றாமல் ஹெலிகொப்டருக்குப் பக்கத்தில் தனியே நின்றான். கோயில் வாசலில் கில்பட் கையுறைகளைக் கழற்றி, "பிடிடா" என்று என் கையில் திணித்தான்.

அல்பொன்சா வழியை மறித்து நின்றாள்.

"இதுவா கல்யாணக் கோட்டு?"

"வேற இல்ல மாமி."

"எவ்வளவு நேரம் நிப்ப?"

"டொல்பின் எவ்வளவு நேரம் நிக்குதோ அவ்வளவு நேரம்."

அவள் கையை நீட்டி அவன் தோளில் கிடந்த ஒரு நெத்தலியைத் தட்டிவிட்டாள். வழியும் விட்டாள்.

நான் பக்கக் கதவில் நின்று பார்த்தேன். ஃபாதர் தன் வாழ்நாளில் பிரசங்கம் வைக்காமல் செய்த கல்யாணம் அது ஒன்றுதான். இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தார்கள். மெரினாவின் குரல் தெளிவாக வந்தது. அவன் குரல் நடுங்கியது. மோதிரம் போட்டார்கள். எனக்கு மறுபடியும் கண்ணைத் துடைக்க வேண்டி வந்தது, இந்த முறை சாட்டுச் சொல்லப் புகைகூட இல்லை.

கையெழுத்துப் போட்டு முடிக்கவும் மைதானத்தில் இயந்திரம் சீறத் தொடங்கவும் சரியாக இருந்தது. டொல்பின் ஒன்றையும் காணவில்லையாம். பெரிய ஆள் படகில் தலை சுற்றி, சத்தி எடுத்து, பாதியில் திரும்பிவிட்டாராம். ஆனாலும் கருவாட்டுப் பெட்டிகளை மறக்கவில்லை. சாரதி தூக்கித் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தான்.

கில்பட் அல்பொன்சாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று கும்பிட்டான். அவள் அவன் நெற்றியில் அவசரமாகச் சிலுவை போட்டாள். மெரினா அவன் கையை ஒரு தடவை இறுக்கிவிட்டு, "போங்க, ஏசப் போறாங்க" என்று தள்ளிவிட்டாள். நான் இரண்டு புரியாணிப் பார்சலை அவனிடம் எறிந்தேன். கல்யாணம் கட்டி ஒரு வாய் சோறு தின்னாமல் மாப்பிள்ளை ஓடுகிறான். இப்படி ஒரு உத்தியோகம் யாருக்கு வேண்டும்?

இந்த முறை ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பெண்கள் ஓடிப்போய் மிஞ்சிய கருவாட்டுப் பாய்களின்மேல் சேலையோடு குந்திவிட்டார்கள். இன்னாசிப்பிள்ளை கேக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அல்பொன்சா மட்டும் முக்காட்டைப் பிடித்தபடி மைதான ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

ஹெலிகொப்டர் எழும்பி, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றியது. ஜன்னல் திறந்தது. ஒரு கை வெளியே வந்து ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

சனம் கூவியது. அல்பொன்சாவின் கையும் தன்னையறியாமல் மேலே போனது. பக்கத்தில் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த டிலக்‌ஷன், "அது மற்றப் பொடியன் அன்ரி. ஓட்டுறவர் கையை எடுக்க மாட்டார் எண்டு அவரே சொன்னதுதானே" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய கை பாதியில் நின்று கீழே இறங்கியது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

காற்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அவசரத்தில் அவன் வாங்காமல் போன கையுறைகள் அங்கேயே கிடந்தன. எடுத்து அவளுக்கு முன்னால் நீட்டினேன்.

"மாமி, மற்றப் பொடியன் உறை போட்டிருக்கான். மேல ஆடுற கையைப் பாருங்க. வெறுங் கை."

அவள் கையுறையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், திரும்பவும் கையுறையைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. முகத்தில் வந்த சந்தோஷம் ஒரு கணம்தான் நின்றது; அடுத்த கணம் கண்கள் பயத்தில் பெரிதாகிவிட்டன. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள்.

"கை காட்ட வேணாம் மகன்!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "ரெண்டு கையாலயும் பிடி! ரெண்டு கையாலயும் பிடி மகன்!"

ஹெலிகொப்டர் களப்பைத் தாண்டி ஒரு புள்ளியான பிறகும் அவள் கத்திக்கொண்டுதான் நின்றாள்.